பத்தாவது குழியின் கல்

குவாரியில் வேட்டு வெடித்தபோது மேலே கிளம்பிய கல் ஒன்று, பத்தொன்பது வருடமாகியும் இன்னும் கீழே வந்து சேரவில்லை. எண்ணிக்கைக்காரர் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே, ஸ்டூல் போட்டு ஏறினால் கைக்கு எட்டுகிற உயரத்தில் அது நிற்கிறது. பெரிய பீரோ ஒன்றைப் படுக்கப் போட்ட அளவு இருக்கும். அடிப்பக்கம் வெடித்துப் பிளந்த கரடுமுரடு, மேல்பக்கம் இத்தனை மழைக்காலத்துப் பாசி. கயிறு கிடையாது, கம்பி கிடையாது, தூண் கிடையாது. ஒரு வருடம் புயலடித்துத் தெருவில் பாதி வீட்டுத் தகரம் பறந்தது, அது மட்டும் அசையவில்லை. காக்கைகள் சாவகாசமாக வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகின்றன. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குவாரித் தெரு முனையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், கையிலிருக்கிற வேலையை நிறுத்தாமலேயே சொல்வார்கள்.

அந்தக் குவாரியில் வேட்டு வைக்க ஒரு முறை இருந்தது. பாறையில் குழி போடுகிறவன் ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்தை இறக்கித் திரியைச் செருகியதும் அதன் எண்ணை உரக்கக் கூப்பிட வேண்டும். மேட்டில் ஒரு தட்டைப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் எண்ணிக்கைக்காரர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஒண்ணு’ என்றால் ‘ஒண்ணு’, ‘ரெண்டு’ என்றால் ‘ரெண்டு’. திருப்பிச் சொல்லாத குழிக்குத் தீ வைக்கக் கூடாது. நடுவில் ஒரு குழியைச் சேர்த்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும். பிறகு எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, வேட்டு ஒவ்வொன்றாக வெடிக்க வெடிக்க எண்ணிக்கைக்காரர் விரலை மடக்குவார். கூப்பிட்டதும் வெடித்ததும் சரியாக இருந்தால் ‘இறங்கலாம்’ என்று குரல் கொடுப்பார். குரல் கொடுத்தவரே முதல் ஆளாக இறங்கவும் வேண்டும். இதைச் சட்டமாக யாரும் போடவில்லை. தன் எண்ணிக்கையைத் தானே நம்பாதவனை வேறு எவன் நம்புவான் என்று எந்தக் காலத்திலோ யாரோ கேட்டிருக்கிறார்கள், அதற்குப் பதில் சொல்ல முடியாமல் அப்படியே நடந்து வந்தது.

எண்ணிக்கைக்காரருக்கு வீட்டுக்கு வந்தாலும் எண்ணம் ஓயாது, அதாவது எண்ணுவது ஓயாது. மகளுக்கு விக்கல் எடுத்தால் எண்ணுவார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தும்மினால் எண்ணுவார். மனைவி திட்ட ஆரம்பித்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் விரலை மடக்கிக்கொண்டே இருப்பார். “என்ன பண்றீங்க?” என்றால், “காலையிலேர்ந்து இது நாலாவது” என்பார். அதற்காக ஐந்தாவதும் வாங்கிக் கட்டிக்கொள்வார். வீட்டுக்கும் குவாரிக்கும் நடுவில் ஒரு மேடுதான். குழிக்காரன் கூப்பிடுவதும் இவர் திருப்பிச் சொல்வதும் அடுப்படிவரை கேட்கும். மனைவி சமையலை அந்தக் குரல்களை வைத்துத்தான் ஓட்டினாள். மூன்றாவது குழிக்கு அரிசியைப் போடுவாள், ஆறுக்குக் காயை இறக்குவாள், ‘இறங்கலாம்’ என்று கேட்டதும் தட்டை எடுத்து வைப்பாள். பாறையைப் போய்ப் பார்த்துவிட்டு அவர் நேராகச் சாப்பிட வந்துவிடுவார்.

அன்றைக்கு ஒன்பது குழி கூப்பிட்டார்கள். ஒன்பதையும் அவர் திருப்பிச் சொன்னார். ஒன்பது வேட்டு வெடித்தது. ‘இறங்கலாம்’ என்று அவர் குரல் கேட்டது. அவள் தட்டை எடுத்து வைத்தாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பத்தாவது வெடித்தது.

ஏழு பேர் போனார்கள். முதலில் இறங்கியவர் அவர், பின்னாலேயே சுத்தியல்காரர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, அழுகிறவர்கள் அழுது, தெரு முழுக்கத் தூசி அடங்கிய பிறகுதான் தையல்காரர் தற்செயலாக மேலே பார்த்தார். கிளம்பிய கற்களெல்லாம் விழுந்திருந்தன. ஒன்று மட்டும் அவர்கள் வீட்டுக்கு மேலே வந்து நின்றிருந்தது. யாருக்கும் அதை ஆச்சரியப்பட்டுப் பார்க்கிற தெம்பு அன்றைக்கு இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதற்கு நேர் கீழே போகாமல் சுவரை ஒட்டி நடந்து போனார்கள், அவ்வளவுதான்.

விசாரணை வைத்தார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்து, பத்துக் குழிக்கு மருந்து வைத்தோம், பத்தும் கூப்பிட்டோம், எண்ணிக்கைக்காரர் எதிர்ப் பாறையில் மோதி வந்த எதிரொலியை ஒரு வேட்டு என்று எண்ணிவிட்டார், பாவம், நல்ல மனுஷன்தான் என்றார். கிரஷர் பக்கம் இருந்தவர்களுக்கு அது ஜல்லி உடைக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. குழிக்காரன் அன்று சாயங்காலமே பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போயிருந்தான், விரித்த பாயைக்கூடச் சுருட்டவில்லை. எண்ணிக்கைக்காரர் மனைவி எழுந்து நின்று, “ஒன்பதுதான் கூப்பிட்டாங்க, நான் கேட்டேன்” என்றாள். விசாரித்த அதிகாரி, “நீங்க எங்கம்மா இருந்தீங்க?” என்றார். “அடுப்படியில.” அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எதிரொலிதான் என்று முடிவாயிற்று. ஏழு பேரையும் கொன்றது அவர் விரல்கள் என்று ஊர் பேசிற்று.

மற்ற ஆறு வீடுகளும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியது ஒரே ஒருத்தி, சுத்தியல்காரர்களில் இளையவனின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், கிரஷரில் கூடை சுமக்கிறவள், வாயைத் திறந்தால் லாரிக்காரர்களே ஒதுங்குவார்கள். நடுத்தெருவில் நின்றுகொண்டு, “உன் புருஷனுக்குப் பத்துவரைக்கும் எண்ணத் தெரியல. அதுக்கு என் தம்பிதான் கிடைச்சானா?” என்று கத்தினாள். தெருவே ஜன்னலில் நின்றது. அதுவரை தலைகுனிந்து அழுதுகொண்டிருந்த எண்ணிக்கைக்காரர் மனைவிக்கு எங்கிருந்து வந்ததோ, முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். மேலே கையைக் காட்டினாள். “அக்கா, அவர் எண்ணினது தப்புன்னா அந்தக் கல்லு என் தலையில விழட்டும். நான் எங்கயும் போகப்போறதில்ல. அதுக்கு நேர் கீழதான் படுப்பேன். நீங்க தினம் வந்து பாத்துக்குங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலைத் தனியாளாகப் படியில் இழுத்துக்கொண்டு மாடிக்கு ஏற்றினாள். இரண்டு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினாள், யாரும் கைகொடுக்க வரவில்லை. ஓரமாகப் படுத்து ஏமாற்றினாள் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று கொத்தனாரைக் கூப்பிட்டு, கல்லின் நடு மத்தியிலிருந்து தூக்குக்குண்டு விடச் சொன்னாள். கொத்தனார் ஸ்டூலில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பிடித்தார். குண்டு தொட்ட இடத்தில் அவள் தலையணையை வைத்தாள்.

தெரு ஒரு வாரத்தில் காலியாயிற்று. நகராட்சியிலிருந்து வந்து ‘கல் விழும் அபாயம், நிற்காதீர்’ என்று பலகை நட்டார்கள். கம்பெனிக்கு அந்தக் கல் கண்ணில் விழுந்த தூசியாக இருந்தது. வெளியூர் ஆட்கள் ஜல்லி எடுக்க வந்தால் முதலில் அதைத்தான் பார்த்தார்கள், பார்த்தால் என்ன ஏது என்று கேட்டார்கள். ஒரு கிரேனை வரவழைத்துக் கல்லைச் சங்கிலியால் சுற்றி இழுத்தார்கள். கிரேனின் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டன. ஓட்டுநர் இறங்கி, அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சங்கிலியைக்கூட அவிழ்க்காமல் வண்டியைத் திருப்ப முயன்று பம்பரை உடைத்துக்கொண்டார். மேனேஜரே நேரில் வந்து, வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறோம், பெண்ணைப் படிக்க வைக்கிறோம், நீங்கள் இங்கே இருப்பது ஆபத்து என்று நயமாகப் பேசினார். அவர் நின்றது வாசலில், கல்லின் நிழல்கூடப் படாத தூரத்தில். அவள் மாடியிலிருந்தே பதில் சொன்னாள். “மேல வந்து, இந்தக் கல்லுக்குக் கீழ நின்னு, பத்துக் கூப்பிட்டோம்னு ஒரு தடவை சொல்லுங்க சார். சொல்லிட்டா நான் இப்பவே காலி பண்றேன்.” மேனேஜருக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது.

அவளுக்குப் பயமில்லை என்று பிற்பாடு தெருக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். முதல் சில மாதம் படுத்தால் கண்ணை மூட முடியாது. மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே அது. ஒருக்களித்துப் படுத்தால் முதுகுக்குப் பின்னால் அது. அவர் தப்பாக எண்ணியிருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு அவளுக்கும் வந்தது, வராமல் இருக்குமா. வந்தபோதெல்லாம் அன்றைக்குக் கேட்ட குரல்களை மனதுக்குள் ஒன்றிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். ஒன்பதுக்கு மேல் ஒரு குரலும் இருக்காது. அது தெளிந்ததும் புரண்டு மறுபடி மல்லாந்து, கல்லைப் பார்த்தபடியே கிடப்பாள்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளை மட்டும் ஊரின் மறுகோடியில் அத்தை வீட்டில் படுக்க வைத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொண்டது. “ஏன்டி வந்த? அத்த வீட்டுக்குப் போ” என்று இவள் அதட்டினாள். “அப்பா தப்பா எண்ணிருந்தா என் மேலயும் விழட்டும்” என்றது. அவளுக்கு வந்த கோபத்தில் முதுகில் ஓர் அடி வைத்தாள், அப்புறம் அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டு, அவர் போன நாளில்கூட அழாத அழுகையை அழுது தீர்த்தாள். அன்றிலிருந்து கட்டிலில் இரண்டு தலையணை.

சுத்தியல்காரனின் அக்கா சவாலை விடவில்லை. வேலை முடிந்ததும் மடக்கு நாற்காலியோடு வந்து, ஆளில்லாமல் கிடந்த எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து, வரவேண்டிய பஸ் தாமதமானவள்போல் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். இருட்டியதும் நாற்காலியை மடக்கிக்கொண்டு போவாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மழைக்காலம் வந்தது. ஒருநாள் பிடித்துக்கொண்ட மழையில் அக்கா தொப்பலாக நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, கல்லுக்குக் கீழே கட்டிலில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. “நனையாதீங்க அக்கா, இங்க வாங்க” என்றாள் இவள்.

“வந்து? அது விழுந்தா?”

“விழுந்தா நீங்க சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டே போலாம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போன பிறகு வந்த முதல் சிரிப்பு, அதனால் அவளுக்கே அது பிடிக்கவில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நனைந்த கூந்தலைப் பிழிந்துகொண்டே, “அவன் கடைசியா என்னத்தக் கேட்டிருப்பான்?” என்றாள். “‘இறங்கலாம்’னு கேட்டிருப்பான். அவர் முன்னால போறதப் பாத்திருப்பான். பயப்பட்டிருக்க மாட்டான் அக்கா.” அக்கா தலையை ஆட்டினாள். சூடாக ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடித்தாள். மறுநாள் நாற்காலியை இந்த மாடிக்கே கொண்டுவந்துவிட்டாள்.

வருடம் திரும்புவதற்குள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் தையல்காரர். வெட்டு மேஜையை விட்டுப் போயிருந்தேன், எடுக்க வந்தேன் என்றார், எடுக்கவில்லை, அதன் மேலேயே துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தார். பிறகு சோடாக்கடைக்காரர். கல்லின் நிழல் காலையில் ஒருவர் வீட்டுச் சுவரிலும் மாலையில் மற்றவர் வீட்டுச் சுவரிலும் விழும். கோடையில் யாருக்கு அதிக நேரம் என்று இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு சில மாதம் பேசாமல் இருந்தார்கள். வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கல்லை மேல்தளமாகக் கணக்கில் எடுக்கலாமா என்று அண்ணாந்து பார்த்து யோசித்துவிட்டுக் கழுத்து வலியோடு போனார். அபாயப் பலகையில் யாரோ சைக்கிளைச் சாத்தினார்கள், பிறகு எல்லோருமே சாத்தினார்கள்.

மூடிக்கிடந்த குவாரியைக் கம்பெனி மறுபடி திறந்து, புது எண்ணிக்கைக்காரனாக மேனேஜரின் மச்சினனை உட்கார வைத்தது. கழுத்தில் விசில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆட்கள் கரையில் நின்றார்களே தவிர ஒருவரும் இறங்கவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு சுத்தியல்காரனின் அக்காதான் சொன்னாள்: “எண்ணிக்கைக்காரர் வீட்டம்மா எண்ணட்டும். இறங்கறோம். தன் தலைக்கு மேல கல்லை வச்சுக்கிட்டுத் தூங்கறவ தப்பா எண்ண மாட்டா.” எந்த மனுஷன் தப்பாக எண்ணினான் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்களோ அவன் மனைவியையே அந்த இடத்தில் உட்கார வைப்பதா என்று கம்பெனி குதித்தது. குவாரி மூடிக்கிடந்தபோதும் இருப்பிலிருந்த கல்லை உடைத்துக்கொண்டு ஓயாமல் ஓடிய கிரஷர் அப்போதுதான் ஓய்ந்தது. லாரிகள் காலியாக வரிசை கட்டி நின்றன. கடைசியில் குதித்த காலெல்லாம் தரைக்கு வந்தது.

முதல் நாள் தட்டைப் பாறையில் உட்கார்ந்து ‘ஒண்ணு’ என்று திருப்பிச் சொன்னபோது அவள் குரல் நடுங்கிற்று. நாலாவது குழிக்குள் நடுக்கம் நின்றுவிட்டது. பழைய முறையில் அவள் ஒன்றை மட்டும் சேர்த்தாள். கடைசிக் குழியைக் கூப்பிட்டு முடித்ததும், உடனே தீ வைக்கச் சொல்லிக் கையை அசைக்காமல், “வேற இருக்கா?” என்று பாறை அதிரக் கேட்பாள். “இல்ல, அவ்வளவுதான்” என்று கீழேயிருந்து பதில் வர வேண்டும். அதன் பிறகுதான் திரிக்குத் தீ. ஏன் இது என்று யாரும் கேட்கவில்லை. வேட்டு முடிந்ததும் ‘இறங்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் புடவையை வரிந்து செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவாள். அவள் எண்ணிய வருடங்களில் அந்தக் குவாரியில் ஒரு விரல்கூட நசுங்கவில்லை. ஆனாலும் எதிரொலி என்ற பேச்சு மட்டும் போகவில்லை. ஊர் அவளை நம்பிற்று, அவரை மன்னித்தது, மன்னித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தப்பே செய்யாதவரை மன்னிக்க இவர்கள் யார் என்று அக்காவிடம் மட்டும் பொருமுவாள். பொழுது சாய்ந்தால் கட்டில், கட்டிலுக்கு மேலே கல்.

மகள் வளர்ந்தாள். பள்ளியில் அவளைக் ‘கல்லுவீடு’ என்று கூப்பிட்டார்கள், கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது உட்காரக் காற்றோட்டமான இடம் என்று மாடிக்கு அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்து, “இது… விழாதா?” என்றார். “இதுவரைக்கும் விழல” என்றாள் எண்ணிக்கைக்காரர் மனைவி. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், கூட்டத்தில் நின்று பழகியவன், தலையை மட்டும் லேசாகக் குனிந்துகொண்டு சம்மதம் என்றான். மகள் உண்டானதும் பிரசவத்துக்கு வந்து இருக்க மாடியில் ஓர் அறை கட்டலாம் என்று தீர்மானமாயிற்று. வேறு பக்கம் கட்டலாமே என்றார் கொத்தனார். கல்லை நடுவில் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றாள். கூரைக்குத் தளம் போடும்போது கல்லின் இடுப்பைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னாள், கூரைதான் கல்லைத் தாங்குகிறது என்று எவனும் கதை கட்டிவிடக் கூடாது என்பதற்காக. இடைவெளியில் மழை இறங்காமல் மேலே தகரத்தால் ஒரு விளிம்பு அடித்தார்கள், அதுவும் கல்லைத் தொடாமல். ஆக, கல்லின் மேல்பாதி வெளியே காக்கைகளுக்கும் கீழ்ப்பாதி உள்ளே அவர்களுக்கும் ஆயிற்று.

எல்லாம் முடிந்து தொட்டிலுக்குக் கொக்கி மாட்ட வேண்டியிருந்தது. “கல்லுலயே மாட்டுங்க” என்றாள் அவள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, “ஆமா, அதுலயே மாட்டுங்க” என்றாள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு டபுள் டியூட்டி இருந்தது நல்லதாயிற்று. கொத்தனார் துளைக்கிற மெஷினைக் கொண்டுவந்து வைத்தார், முனை மழுங்கிற்று. வேறு முனை போட்டார், ஒடிந்தது. இன்னொன்று சிவந்து உருகிற்று. கல்லில் ஒரு கீறல் விழவில்லை. இதுக்கு வேற ஆள்தான் வரணும் என்று ஸ்டூலைவிட்டு இறங்கினார். கல்லுவீட்டில் ஒரு குழி போட ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி லாரிக்காரர்கள் வழியாக ஊர் ஊராகப் போயிற்று.

கொஞ்ச நாளில் ஒருவன் வந்தான். தலை நரைத்து, தோள் இறங்கி, கையில் ஒரு பையில் உளியும் சுத்தியலும். வாசலிலேயே நின்றான். அவள் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் ஊரைவிட்டு ஓடிய குழிக்காரன்.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன் அண்ணி.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. மாடிக்கு அழைத்துப் போனாள். விஷயம் தெரிந்து சுத்தியல்காரனின் அக்கா வந்தாள், செத்துப்போன மற்றவர்களின் வீட்டிலிருந்து வந்தார்கள், குவாரி ஆட்கள் படியெல்லாம் நின்றார்கள். குழிக்காரன் ஸ்டூலைப் போட்டான். “கட்டிலை எடுத்துடுங்க அண்ணி. தட்டறப்போ ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்.”

“கட்டில் அங்கதான் இருக்கும்” என்று சொல்லி அவள் அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், அன்றைக்குத் தூக்குக்குண்டு தொட்ட இடத்தில். “நீ தட்டு.”

அவன் தட்டினான். முதல் அடியிலேயே கல் உளியை உள்ளே விட்டது. வெள்ளைத் தூள் அவள் தலையில் கொட்டிற்று, தோளில் கொட்டிற்று, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. குழி வேண்டிய ஆழத்துக்குப் போனதும் அவன் வாயால் ஊதித் தூளை வெளியேற்றினான். வழக்கப்படி இனி எண்ணைக் கூப்பிட வேண்டும். ஸ்டூல் மேல் நின்றவன் தொண்டையைச் செருமினான். வரவில்லை. மறுபடி செருமினான். பிறகு, குவாரியின் அடியிலிருந்து மேட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான்: “பத்து.”

“பத்தா?” என்றாள் சுத்தியல்காரனின் அக்கா. “எது பத்து? அன்னைக்கே பத்துக் கூப்பிட்டோம்னு சொன்னாங்களே, இது பதினொண்ணுல்ல?”

அவன் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பத்தாவதை நான் அன்னைக்குக் கூப்பிடல அக்கா. ஒன்பதைக் கூப்பிட்டு முடிச்சாச்சு. அப்பதான் மேனேஜர் வந்து, மூலையில போட்டு வச்சிருக்கிற குழியிலயும் மருந்தைப் போட்டு சேத்துக் கொளுத்துன்னாரு. அண்ணன்கிட்ட சொல்லணும், மறுபடி ஒண்ணுலேர்ந்து கூப்பிடணும்னேன். லாரி நிக்குதுடா, அவன்கிட்ட சொன்னா ஒரு மணி நேரம் இழுப்பான், கொளுத்துன்னாரு. கொளுத்தினேன். திரி ஈரம். மெதுவா எரிஞ்சுது. அணைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அண்ணன் சரியாத்தான் எண்ணினாரு. நான்தான் கூப்பிடல.”

எத்தனையோ வருடமாக அவள் இந்த நாளுக்காக வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். குவாரிக்குப் போகிற வழியில், வருகிற வழியில், ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கூர் தீட்டி வைத்திருந்தாள். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கட்டில் மேல் எழுந்து நின்றாள். தலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண்தான். தட்டைப் பாறையில் சொல்கிற அதே குரலில் திருப்பிச் சொன்னாள்.

“பத்து.”

படியில் நின்ற குவாரி ஆட்கள் தங்களை அறியாமல் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. “வேற இருக்கா?” என்றாள்.

“இல்ல அண்ணி. அவ்வளவுதான்.”

“அப்ப இறங்கலாம்.”

அவன் ஸ்டூலைவிட்டு இறங்கினான். இனி அந்தக் கல்லுக்கு அங்கே என்ன வேலை, இப்போது விழும் என்று எல்லோரும் சுவரை ஒட்டி ஒதுங்கி அண்ணாந்து பார்த்தார்கள். அவள் மட்டும் ஒதுங்கவில்லை. கல் விழவில்லை. ஒரு தூசுகூட அதற்கப்புறம் விழவில்லை. குழிக்காரன் அவள் காலடியில் உட்காரப் போனான். “உன்னை மன்னிக்கிறது என் வேலை இல்ல” என்றாள். “எந்திரி. கொக்கியை மாட்டு. மாட்டிட்டு இந்த ஆறு வீட்டுக்கும் போய், வாசல்ல நின்னு, இப்ப சொன்னதையே சொல்லு.” அவன் மாட்டினான், போய்ச் சொன்னான். கூடவே சுத்தியல்காரனின் அக்கா போனாள், ஒரு வீட்டையும் அவன் தாண்டிவிடக் கூடாது என்று.

மேனேஜர் அப்போது வேறு ஊரில் பெரிய வீடு கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தார். அவர் வீட்டுக்கு மேலே கல் எதுவும் நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஏழு வீட்டுக்காரர்களும் ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றார்கள். கல் எறியவில்லை, கூச்சல் போடவில்லை. குழிக்காரன் ஒன்றிலிருந்து பத்துவரை கூப்பிட்டான், அவர்கள் எல்லோரும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பத்துச் சொல்லி முடித்ததும் லாரியில் ஏறித் திரும்பி வந்தார்கள். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை போகிறார்கள். அவர் இரண்டு வீடு மாற்றிப் பார்த்துவிட்டார், லாரிக்காரர்களுக்குத் தெரியாத முகவரி எது. எதிரொலி என்ற வார்த்தை ஊரில் யார் வாயிலும் இப்போது வருவதில்லை.

பேத்தி பிறந்தாள். தொட்டில் கட்டுவதற்கு முன்னால் பாட்டி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து எடுத்து, முழு பாரத்தோடு தொங்கிப் பார்த்தாள். அக்காவையும் தொங்கச் சொன்னாள். அக்கா கனத்த உடம்புக்காரி, முதலில் மாட்டேன் என்றாள், பிறகு தொங்கியது மட்டுமல்ல, ஆடவும் ஆடினாள். கல் இம்மி அசையவில்லை. பிள்ளையைப் போட்டு ஆட்டினார்கள், தூங்கிற்று. குவாரியில் வேட்டு வெடிக்கும்போது மட்டும் கண்ணைத் திறக்கும். நேர் மேலே கல்லைப் பார்க்கும், மறுபடி மூடிக்கொள்ளும். இப்போது அதற்கு மூன்று வயது. தொட்டிலை அவிழ்த்தாயிற்று, கொக்கியில் மின்விசிறி ஓடுகிறது. எண்ணிக்கைக்காரர் மனைவி இன்னும் அதே இடத்தில்தான் படுக்கிறாள், இப்போது காற்றுக்காக. பேத்தி தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே நுழைந்ததும் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். ஒரு சுற்றுச் சுற்றி எல்லா அறையிலும் பார்த்துவிட்டு வந்து வீட்டுக்காரர்களிடம் கேட்கிறாள், “உங்க கல்லு எங்க?”